கொக்குப் படக்காரரிடம் கேட்டவை

ஜனவரி 8, வியாழன்

தேதியைப் போனே போட்டுக்கொள்கிறதாம். மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும் என்று சசிரேகா காட்டிக் கொடுத்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லாரி ஓட்டின காலம் முழுக்கப் பெருவிரல்தான் என் கையெழுத்து. அதனால் எதையும் மறக்கவும் தெரியாது. எழுதி வைத்தவன் மறக்கலாம், நான் எங்கே போய்ப் பார்ப்பது?

நம் திருச்செங்கோட்டுப் பேச்சில் பேசினால் போன் தடுமாறுகிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுங்கள் என்றாள் சசி. ராத்திரி பகலாக ரேடியோ கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினவன், அது ஒன்றும் சிரமமில்லை. ஆனால் மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசினபடியே சொல்வேன். போன் அதை எப்படி எழுதுகிறதோ எழுதிக்கொள்ளட்டும்.

சசி என் மருமகள். போன ஐப்பசியில் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பான பிறகு அப்படிச் சொல்லக் கூடாது என்கிறாள் ஈரோட்டில் இருக்கும் என் மகள் வளர்மதி. என் மகன் முருகானந்தம் ஓசூரில் வேறு குடும்பமாகிவிட்டான். அவன் கிளம்பிப் போனபோது என் வீட்டுக்காரி படுத்த படுக்கை. கடைசி வரை அவளைத் தூக்கி எடுத்துப் பார்த்தது சசிதான். அவள் போன பிறகும் சசி இங்கேயேதான் இருக்கிறாள். ஏன் இருக்கிறாய் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

சசி வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீசை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற படிப்பைப் படிக்கிறாள். புரோகிராம் என்று பெயர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளுக்கு ஒரு வேலை கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்குள் சரியாக முடித்து அனுப்பினால் அவளுக்கு உத்தியோகம். கிடைத்தால் கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள்.

நல்லதுதானே.

ஜனவரி 9, வெள்ளி

ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. சசியும் அப்படியே சாப்பிட்டு எழுந்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து சசி கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்தபடி இருந்தாள். கம்பெனிக்காரர்கள் லாரி நடை விவரங்களை ஒரு கோப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி, எந்தத் தேதி, எத்தனை டன் என்று வரிசையாக. அதை வண்டிவாரியாகப் பிரித்து, தேதிப்படி அடுக்கி, மொத்தம் போட்டுக் காட்ட வேண்டும். இவள் எழுதின புரோகிராம் பாதியிலேயே நின்று சிவப்பாக ஏதோ கத்துகிறது.

"யாரையாவது கேக்கறதுதானே அம்மிணி?"

"கேக்க ஒரு எடம் இருக்குதுங் மாமா. நெட்ல. கேள்வியப் போட்டா உலகத்துல இருக்கறவங்கெல்லாம் வந்து பதில் சொல்லுவாங்க. காசு வாங்க மாட்டாங்க."

"அப்பறம் என்ன?"

"எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியலீங்களே."

இது எனக்குத் தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். ஊர்ப் பலகை படிக்கத் தெரியாமல் குவாஹாத்தி வரை போய் வந்தவன். எல்லாம் கேட்டுக் கேட்டுப் போனதுதான். வண்டியை விட்டு இறங்க வேண்டும். கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் குடிக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, நாம் இன்ன ஊர், வீட்டில் இன்ன கஷ்டம் என்று சொல்லி, அப்புறம்தான் வழி கேட்க வேண்டும். ஒருத்தரும் முகம் திருப்பினதில்லை.

"எடுத்த எடுப்புல கேக்காத. மொதல்ல வணக்கம் சொல்லு. உன் நெலமையச் சொல்லு. ஒண்டிப் பொம்பள, வேலை போச்சு, இருபத்தஞ்சாந்தேதிக்குள்ள முடிக்கோணும்னு சொல்லு. கல்லுங்கூட எறங்கும்."

அவள் அப்படியே எழுதினாள். மரியாதைக்குரிய ஐயா அம்மா அனைவருக்கும் வணக்கம் என்று ஆரம்பித்து, மாமியார் உடம்பு வரைக்கும் எழுதி, கடைசியில் 'என் புரோகிராம் ஓடவில்லை, தயவுசெய்து அவசரமாக உதவுங்கள்' என்று முடித்தாள். கம்ப்யூட்டர் கத்துவதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து அதோடு சேர்த்தாள். எழுதினதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

கேள்வியை மூடிவிட்டார்களாம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கேள்வியை எப்படி மூடுவது? 'இதில் கேள்வி எது என்று தெரியவில்லை, திருத்தி எழுதும் வரை பதில் சொல்வதற்கில்லை' என்று போட்டுவிட்டார்களாம். கேள்வி சரியில்லை என்பதற்குக் கீழ்நோக்கின அம்புக்குறியை நான்கைந்து பேர் போட்டிருக்கிறார்கள். ஐயா அம்மா வணக்கத்தை எல்லாம் யாரோ வந்து அழித்திருக்கிறார்கள். மாமியார் உடம்பையும்.

ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்தார். அவர் முகத்துக்குப் பதிலாக ஒரு கொக்குப் படம் வைத்திருக்கிறார். எந்த நாடோ, ஆணோ பெண்ணோகூடத் தெரியாது. நான் கொக்குக்காரர் என்று வைத்துக்கொண்டேன். சசி படித்தாள்: 'போட்டோ வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம்தான் தெரிகிறது. கம்ப்யூட்டர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே போடு. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய்? என்ன நடந்தது? புரோகிராம் முழுவதும் வேண்டாம். தப்பு தெரிகிற அளவுக்குச் சிறியதாக வெட்டிக் கொண்டு வா.'

வணக்கம்கூடச் சொல்லவில்லை அந்த ஆள்.

"எம் பேச்சக் கேட்டு உன்னைய அவமானப்பட வச்சுட்டனே கண்ணு."

"விடுங் மாமா. நானும் அப்பிடித்தான எழுதிருப்பேன்."

சொல்லிவிட்டுக் கொல்லையில் போய்த் துணி துவைத்தாள். துவைத்த துணியையே இன்னொரு முறை துவைத்த மாதிரி இருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

கொடிக்கயிறு அறுந்துவிட்டது. புதுசு கட்டினேன்.

கட்டும்போது யோசித்தேன். டீக்கடையில் வழி கேட்டு நின்றது நான் ஒருவன். இங்கே ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்து நிற்கிறார்களோ. ஒவ்வொருவரோடும் டீ குடித்துக்கொண்டிருந்தால் கொக்குக்காரர் எப்போது வழி சொல்வது?

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீடு. வளர்மதி மாப்பிள்ளையோடு வந்தாள், கரும்பும் முறுக்கும் கொண்டுவந்தாள். சசி கறிக்குழம்பு வைத்தாள். வளர்மதி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சசி கடைக்குப் போன நேரத்தில் ஆரம்பித்தாள்.

"ஏனுங்ப்பா, கோர்ட்டே இல்லைன்னு சொன்ன பொறகு அவ எதுக்கு இங்க? ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? வீட்டுக்காகத்தான் ஒட்டிட்டிருக்கறாளாம்."

"எந்த ஊர்ல?"

"எங்கூர்லதான்."

"ஈரோட்டுல இருக்கறவங்களுக்கு இந்த வீட்டு மேல என்னம்மா அக்கறை?"

மாப்பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை.

சசிக்கு வேலை கிடைத்தால் நான் ஈரோட்டுக்கு வந்துவிட வேண்டியது என்று வளர்மதி முடிவாகச் சொன்னாள். மாடியில் தனி அறை இருக்கிறதாம். என் பெண் நல்லவள்தான். நான் தலையை ஆட்டினேன். சசி வாசலில் செருப்பை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று ஓர் அதிசயம். கொக்குக்காரர் சொன்ன மாதிரி கேள்வியை வெட்ட உட்கார்ந்தாள் சசி. லாரி விவரக் கோப்பில் பாதியை எடுத்துவிட்டு ஓட்டினாள். கத்தியது. அதிலும் பாதியை எடுத்தாள். கத்தியது. இன்னும் பாதி. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். ஒரு தடவை எடுத்தபோது கத்தவில்லை. எடுத்த துண்டை மறுபடி பார்த்தால் நடுவில் ஒரு வரி வெறுமனே கிடந்திருக்கிறது. ஒன்றுமே எழுதாத வரி. வண்டியும் இல்லை, தேதியும் இல்லை. அதைப் பார்த்துத்தான் இந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாள் மிரண்டிருக்கிறது.

"மாமா! நானே கண்டுபுடிச்சுட்டேன்! கேள்வியே போடலீங்க இன்னும்!"

"அப்ப கொக்குக்காரருக்கு வேலையில்லையா?"

"அவரு சொல்லித்தான வெட்டுனேன்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கையில் வெங்காயத்தோல். அப்புறம் இரண்டு பேருக்கும் காபி போட்டாள். சர்க்கரை அதிகம்.

ஜனவரி 21, புதன்

அதிசயம் மூன்று நாள்தான் நின்றது. இப்போது புரோகிராம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் வரிசை சரியில்லை. பத்தாம் தேதி நடை, இரண்டாம் தேதி நடைக்கு முன்னால் போய் நிற்கிறது. சசி எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை செய்தாள். இடம் மாறி நிற்கிற வரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன? அதற்கு ஒரு வழி கேட்டால் போதும்.

இந்த முறை ஒழுங்காக எழுதினாள். வணக்கம் இல்லை. அவசரம் இல்லை. நான்கே வரியில் ஒரு மாதிரிப் பட்டியல், 'இதில் நான்காவது வரியை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துவது எப்படி?' படித்துக் காட்டினாள். குறையே சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

கொக்குக்காரர் பதில் போட்டார். ஒரே வரி. 'எதற்காக நகர்த்த வேண்டும்?'

சசிக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"எதுக்கா இருந்தா இவருக்கென்னங் மாமா? கேட்டதுக்குப் பதில் தெரிஞ்சா சொல்லட்டும், தெரியாட்டி கம்முனு போகட்டும்! என் வரி, நான் நகத்துவேன், பொரட்டுவேன்!"

கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடினாள். இருபத்தைந்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். முடியாமல் போனால் போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்து உட்கார்ந்தது. அதைத் துரத்த நான் அவ்வளவாக முயற்சி செய்யவில்லை.

ஜனவரி 22, வியாழன்

காலையில் கோபம் தணிந்து எழுதினாள். 'தேதிப்படி அடுக்கச் சொன்னேன். இரண்டாம் தேதி முதலில் வரும் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் தேதி முதலில் வந்தது. அதனால்தான் நகர்த்தப் பார்க்கிறேன்.'

நாங்கள் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'இதுதான் உன் கேள்வி. முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். உன் தேதிகள் கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்து. எழுத்தில் ஒன்று, இரண்டுக்கு முன்னால் வரும். பத்து, ஒன்றில் தொடங்குவதால் முன்னால் நிற்கிறது. தேதி என்று அதற்குச் சொல்.' எப்படிச் சொல்வது என்றும் ஒரு வரி போட்டிருந்தார்.

அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லாத் தேதியும் தானாகப் போய் அதனதன் இடத்தில் நின்றுகொண்டது. ஒன்றையும் பிடித்து நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

"பாத்தீங்களா மாமா? நான் கேட்டதுக்கு இவரு பதில் சொல்லியிருந்தா, ஒவ்வொரு வரியா நகத்தீட்டே செத்திருப்பேன். வேணுங்கறது ஒண்ணு, நான் கேட்டது ஒண்ணு."

சசி அவருக்கு நீளமாக நன்றி எழுதினாள். நீங்களும் குடும்பமும் நூறாண்டு வாழ வேண்டும் என்றெல்லாம். அதையும் யாரோ அழித்துவிட்டார்கள். கொக்குக்காரர் மட்டும், 'நன்றி வேண்டாம். சரியான பதில் என்று குறி போடு, அடுத்து வருகிறவருக்கு உதவும்' என்றார். நன்றி வாங்க மறுக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. இவரையும் பார்க்கவில்லைதான்.

ஜனவரி 24, சனி

காலையில் மலைக்கோயிலுக்குப் போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. கீழே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதில் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அனுப்பிவிட்டாள். மத்தியானம் அரைக்கிலோ கோழி எடுத்தோம்.

ஜனவரி 28, புதன்

சும்மா நடந்து பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். கோயம்புத்தூர் பஸ் நின்றிருந்தது. இதற்கு முன்னால் நான் அந்த வண்டியைக் கவனித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் எப்படி என்று கண்டக்டரிடம் கேட்டேன். "ஏறப் போறீங்களாங் பெரியவரே?" என்றார். இல்லை என்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. போனில் பேசினார்கள். 'தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததை எழுதியிருந்தீர்களே, அது எங்களுக்குப் பிடித்திருந்தது' என்றார்களாம். இந்த மாதம் பதினாறாம் தேதி சேர வேண்டும்.

சசி என் காலில் விழுந்தாள். எழுந்திரு எழுந்திரு என்றேன். அவள் அம்மா வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் போன் செய்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். போன வாரம்தான் கழுவினது.

பிப்ரவரி 4, புதன்

சசி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"மாமா, ஈரோட்டுல அக்கா வீட்டு பாத்ரூம் வழுக்குமுங்களா?"

"டைல்ஸ் போட்டிருக்கறாங்க. செருப்போட போனா வழுக்காது."

"மாடி ரூமுக்குப் படி எத்தனைங்க? ஏறீருவீங்களா?"

"ஏறீருவேன்."

"அக்கா வீட்டுல காரம் சாஸ்திங்களே."

"மோரு ஊத்திக்குவேன்."

மாவை உருண்டை உருண்டையாக உருட்டி வைத்தாள். நானும் கேட்டேன்.

"கோயமுத்தூர்ல லேடீஸ் ஆஸ்டல்ல தண்ணி உப்பா இருக்குமா?"

"சிறுவாணித் தண்ணிங் மாமா."

"அப்ப நல்லது."

"ஆமாங்."

சப்பாத்தி நன்றாக வந்தது. நான் ஒன்றுதான் சாப்பிட்டேன், பசியில்லை. கேட்டதற்கெல்லாம் சரியான பதில்தான் சொன்னோம், இரண்டு பேரும். ஆனாலும் ஏதோ ஒன்று வரிசை தப்பி நிற்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து பாத்ரூமு வழுக்குமான்னு கேட்டியே அம்மிணி. எதுக்காகக் கேட்ட?"

"சும்மாதாங் மாமா."

"சும்மா ஆரும் பாத்ரூமப் பத்திக் கேக்க மாட்டாங்க."

"கொக்குக்காரராட்டமே கேக்கறீங்களே!" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க மொதல்ல சொல்லுங். ஆஸ்டல் தண்ணி எப்பிடி இருந்தா உங்களுக்கென்ன?"

எனக்கு வாய்க்குள் நிறைய வந்தது. என் வீட்டுக்காரி படுத்திருந்தது, மகன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினது, கோர்ட் படியில் சசி எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். எல்லாம் எடுத்த பிறகு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நானும் வரட்டுமா கண்ணு?"

அரிவாள்மனை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதக் கேக்கறதுக்கா இத்தன நாளு?" என்றாள்.

"நீ மட்டும் கேட்டியா?"

"நான் எப்பிடிங் மாமா கேக்கறது? நான் கூப்புட்டா, வீட்டுக்காகத்தான் பெரியவர இழுத்துட்டுப் போறான்னு அக்கா சொல்லுவாங்க. அன்னிக்குப் பேசுனது எனக்கும் காதுல விழுந்துதுங்க. கோர்ட்டுக் காயிதத்துல பாத்தா நீங்க எனக்கு ஆருமே இல்ல. எந்த வாயில நான் உங்களக் கூப்புடறது?"

"சாவிய வளர்மதி கையில குடுத்தர்றேன். அவளே வாடகைக்கு உட்டுக்கட்டும், பூட்டி வச்சுக்கட்டும். வீடு இல்லாத கெழவன்தான் வருவான். அப்ப கூட்டிட்டுப் போவியா?"

சசி எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை, ஆனாலும் அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்து, "படி இல்லாத வீடாப் பாக்கோணும்" என்றாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

வளர்மதிக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சொன்னேன். முதலில் கத்தினாள், அப்புறம் அழுதாள். "எங்கூட இருக்கறதுக்கு உங்களுக்கு என்னங்ப்பா கஷ்டம்?" என்றாள். ஒரு கஷ்டமும் இல்லை, சசியோடு இருக்கத்தான் எனக்கு ஆசை என்றேன். மாதம் ஒருமுறை ஈரோடு வருவேன் என்றும் சொன்னேன். சாவியை வாங்கிக்கொள்ள வருகிறாளாம். போனை வைக்கும்போது என் மாத்திரைப் பெயர்களை எல்லாம் சசிக்குச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். சசிக்குத்தான் அது தெரியும், என் மகளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு பேரும் கோயம்புத்தூர் போனோம். சிங்காநல்லூர்ப் பக்கம் மூன்று வீடு பார்த்தோம். ஒன்றில் படி. இன்னொன்றில், புருஷன் இல்லாத பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சசி நன்றி சொல்லிவிட்டு நடந்தாள், நான் பின்னால் நடந்தேன்.

மூன்றாவது வீடு தரைத்தளம். பின்னால் ஒரு முருங்கை மரம். வீட்டுக்காரர் ரிட்டையரான மில் சூப்பர்வைசர், கையில்லாத பனியன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பொண்ணோட அப்பாவுங்களா?"

"இல்லீங்க, அது வந்து, எம் பையன் ஓசூர்ல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"என்ற மாமனாருங்க" என்றாள் சசி.

"அப்ப வீட்டுக்காரரு எப்ப வருவாருங்க?"

"அவரு வர மாட்டாருங்க. நாங்க ரெண்டு பேருதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, நடந்து நடந்து வீங்கின என் காலைப் பார்த்தாள், சசி என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "காட்டுங்க, நிக்க வச்சே பேசறீங்களே" என்றாள் அவரிடம்.

அவர் சமையலறை, குளியலறை, பின்கட்டு எல்லாம் காட்டினார். கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டி, காலையில் ஆறு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பினதும் நிறுத்த வேண்டும், முன்னால் இருந்தவர்கள் தூங்கிவிடுவார்கள், தண்ணீர் தெருவில் ஓடும் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"இத ஆரு பாத்துக்குவீங்க?"

சசி என்னைப் பார்த்தாள்.

"நான் போடறேனுங்க" என்றேன்.